இருபதடி அம்பாரம்

1974 ஐப்பசியில், வங்கியில் பொய் சொன்ன மூன்றாம் நாள், செல்வதுரையின் வீட்டுக்குள் கடல் புகுந்து கூரை ஓடு வரை நிறைந்தது. மச்சினனின் உப்பளத்தைத் தன்னுடையது என்று எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கியிருந்தான். பக்கத்து வீட்டு முற்றத்தில் காய்ந்த கருவாடுகூட நனையவில்லை. ஓட்டைப் பிரித்து ஆட்களை வெளியே எடுத்தார்கள். ஒரு பிள்ளையை எடுக்க முடியவில்லை. அன்று நெத்திலி கிலோ ஒன்றேகால் ரூபாய்.

கேள்விப்பட்ட அதே ஊர்க் காசிலிங்கம் தன் கடன் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார். அவரும் அதே வங்கியில் உப்பை ஈடு காட்டி எட்டாயிரம் வாங்கியிருந்தார். பத்தடிக்குக் களிமண்ணைக் குவித்து, அதன்மேல் உப்பைக் கொட்டி, மழைக்குப் பனையோலை வேய்ந்திருந்தார். வேய்ந்த உப்பு அம்பாரத்தை மழைக்காலம் முடியும்வரை யாரும் பிரிப்பதில்லை. ஆனால் மனுஷன் பொய் சொல்லவில்லை. கடன் கேட்டபோது, நாசரேத்துக்காரரான வங்கி ஏஜென்ட் ஜேசுபாதத்திடம், "இருபது அடி உயரம் அண்ணாச்சி, நீங்களே அளந்துக்கிடுங்க" என்றார். அவரும் அளந்தார். இருபதுதான்.

செல்வதுரை வீடு மூழ்கிய மறுநாள் காலை கடல் இவர் வீட்டுக்கும் வந்தது. வாசற்படியில் கதவுயரத்துக்கு எழும்பி, அப்படியே நின்றது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை, திரும்பியும் போகவில்லை. கொல்லைவழியாகப் புழங்கினார்கள். மாமனார் வீட்டில் போய்ப் படுத்தால் அங்கேயும் வந்து நின்றது. பயமென்றால் அப்படியொரு பயம். மனைவி சந்தனமாரி பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சுறா தினமும் தொட்டிலைப் பார்த்துவிட்டுப் போனது.

தை மாதம் ஓலையைப் பிரித்ததும் களிமண் தெரிந்தது. ஜேசுபாதம் அதில் ஒரு கட்டியைக் கையில் எடுத்தார். "ஏன்வே, உள்ள மண்ணான்னு நான் கேக்காதது என் குத்தமாவே?" என்றார். வங்கி வழக்குப் போட்டது. மாஜிஸ்திரேட் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். பொய் சொன்னார் என்பதுதான் குற்றச்சாட்டு. இவர் சொன்னதில் பொய் இல்லை, தப்பாக நினைக்கும்படி சொல்லியிருக்கிறார், அது வேறு என்று விடுதலை செய்தார். கடனை மட்டும் வட்டியோடு கட்டச் சொன்னார்.

காசிலிங்கம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். கடல் அதே இடத்தில் நின்றது. சந்தனமாரி கேட்டாள், "இனி பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"இன்னைக்கு வரைக்கும் உள்ள வரலைல்லா" என்றார் அவர்.

அவள் தொட்டிலை அவிழ்த்துத் தன் தலைக்கு மேலே ஏற்றிக் கட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிள்ளையைத் தூக்க முக்காலி போட்டு ஏறினார்கள்.