முன்காலைத் தூக்கி நின்ற நாய்

ஆமத்தூர்ப் பட்டாசு குடோன் வாசலில் இருந்தவர்கள்: முதலாளி சாதிக் பாட்சா, பக்கத்துப் புஞ்சைக்காட்டுக்காரர் சங்கையா, காவலாளியான நான், காவலுக்கு வாங்கிய நீளமுடி வேட்டைநாய்.

வெடிச் சத்தத்துக்கு மிரளாது என்றுதான் பாட்சா அதை வாங்கினார். பத்து நாளாக யாரைப் பார்த்தும் குரைக்கவில்லை. இப்போதும் புதரைப் பார்த்து ஒரு முன்காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றது.

“காலு ஊனம்லே. வித்தவங்கிட்டயே விட்டுட்டு வா,” என்றார் பாட்சா என்னிடம். அங்கே அதற்குக் கூண்டுதான்.

சங்கையா நாயின் மூக்குக்கு நேராக நடந்து புதரை விலக்கினார். கௌதாரி ஒன்று படபடத்துப் பறந்தது.

“காலு நல்லாத்தான் இருக்கு பாய். பறவை இருக்கிற இடத்தைக் காட்டுது. அதுக்குத் தெரிஞ்ச வேலை அம்புட்டுதான்.”

“எங் குடோன்ல கௌதாரியா களவு போகுது? நீங்களே கூட்டிட்டுப் போங்க.”

பத்து நாள் என் காலடியில் படுத்த நாய், திரும்பிப் பார்க்காமல் சங்கையா பின்னால் போனது. நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.