பழைய காரும் பதினோராம் கேள்வியும்

அன்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னல் பக்கத்து நாற்காலியில், வெளிச்சம் இடது தோளுக்கு மேல் விழும்படி, பேனாவும் கையுமாக ஹெட்கிளார்க். அவளுக்கு நேர் எதிரே அவள் கணவர் லேத்துக்காரர். அங்கே உட்கார்ந்தால்தான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டின் கதவு தெரியும். அதனால் அந்த நாற்காலியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவருக்கு வலப்பக்கம், மர ஸ்டூலில், லாரி ஓட்டும் அவர் தம்பி. ஒருமுறை அவர் உட்கார்ந்து நாற்காலியின் கால் உடைந்ததிலிருந்து அவருக்கு ஸ்டூல்தான். மகள் சோபாவின் கைப்பிடிமேல், ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. வாசல் பக்கம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், பையை மடியில் வைத்தபடி, எந்த நிமிஷமும் எழுந்து போகத் தயாராக இருப்பவர் மாதிரி.

ஹெட்கிளார்க் என்பது பட்டப்பெயர். குடிநீர் வாரியத்தின் தபால் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் அவள். அந்தப் பதவியை ஆபீஸ் கொடுக்கவில்லை, வீடு கொடுத்துவிட்டது. தபால் பிரிவின் பழக்கம் இரண்டை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். ஒன்று, எந்தக் காகிதமானாலும் தேதி வரிசைப்படிதான் கோப்பில் ஏறும். பல்வலிக்கு மருந்து வாங்கிய சீட்டும் மின்சாரக் கட்டண ரசீதும் ஒரே நாளில் வந்திருந்தால் அடுத்தடுத்துதான் இருக்கும். இன்னொன்று, வீட்டிலிருந்து போகும் எந்தக் கடிதமும் மேஜையில் இருக்கிற எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கப்பட்ட பிறகுதான் ஒட்டப்படும். கேட்பவர்கள் ‘இது தப்பு’ என்று சொல்லலாம். ‘இதை எழுதாதே’ என்று சொல்லக் கூடாது.

அன்று எழுத வேண்டியிருந்தது காருக்கான விண்ணப்பம்.

இரண்டு கதவு, நீண்ட மூக்கு, பந்தயத்துக்கென்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த எஞ்சின். பழைய இரும்புக் கடையிலிருந்து வெறும் கூடாக வந்து பதினோரு வருஷம் ஆயிற்று. கடையில் கிடைக்காத பாகத்தை எல்லாம் லேத்துக்காரரே கடைந்து போட்டார். போன வாரம் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி கீழே படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து, தன் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாததை நம்பாமல் தடவிப் பார்த்துக்கொண்டார். நம்பர் பலகை வந்துவிட்டது. இன்சூரன்ஸ் ஒன்றுதான் பாக்கி. அது வரும்வரை காரின் மொத்தப் பயணம் ஷெட்டிலிருந்து கேட் வரை. போனால் பின்னாலேயே திரும்பி வர வேண்டும். ரோட்டில் முதல் தடவை போகும்போது பக்கத்தில் உட்காரப்போவது மகள். அவள் பள்ளிக்கூடம் படித்த நாளிலேயே லேத்துக்காரர் கொடுத்த வாக்கு அது. இப்போது அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், வாக்கு அப்படியே இருக்கிறது.

ஏஜெண்ட் மேஜைமேல் மூன்று படிவங்களைப் பரப்பினார்.

“சார், இது சாதாரண பாலிசி. எல்லா காருக்கும் போடுறது. ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கு மார்க்கெட்ல என்ன விலையோ அதைக் குடுப்பாங்க.”

“மார்க்கெட்ல இதுக்கு என்ன விலை?” என்றார் லேத்துக்காரர்.

“இரும்பு விலைதான் அண்ணே,” என்றார் தம்பி. “கிலோ கணக்குல.”

“நீ வாயை மூடு.”

“ரெண்டாவது இது,” என்று ஏஜெண்ட் பச்சை நிறப் படிவத்தை நகர்த்தினார். “பழைய கார், ரேஸ் கார் மாதிரி வண்டிகளுக்குன்னே இருக்கிறது. மதிப்பு இவ்வளவுன்னு முன்கூட்டியே பேசி ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும். அப்புறம் பேச்சே கிடையாது. ஆனா வருஷத்துக்கு இவ்வளவு தூரம்தான் ஓட்டலாம், பூட்டுற ஷெட் வேணும், யார் ஓட்டுறாங்கன்னு பேர் எழுதணும், மத்தவங்க ஓட்டக் கூடாது. போட்டோவோட தபால்ல அனுப்பணும். கேள்வி கொஞ்சம் ஜாஸ்தி.”

“மூணாவது?” என்றாள் மகள்.

“மூணாவது, வண்டி ஷெட்லயே நிக்கும். தீ, திருட்டு ரெண்டுக்கு மட்டும். ரோட்டுக்கு வரக் கூடாது.”

“அதுக்குப் பதினோரு வருஷம் எதுக்கு? பொம்மை செஞ்சு வெச்சிருக்கலாமே,” என்ற லேத்துக்காரர் பச்சைப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மனைவியின் முன்னால் தள்ளினார். “இதான்.”

ஹெட்கிளார்க் படிவத்தை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாள். பதினான்கு கேள்விகள். பதினோராவதில் அவள் கண் நின்றது. ‘ஓட்டுநராகக் குறிக்கப்படும் எவரேனும் கடந்த ஐந்து ஆண்டுகளில் நினைவிழந்தது உண்டா? உண்டெனில் தேதி, இடம், நேர அளவு, மருத்துவரின் ஆலோசனை.’

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

ஏஜெண்ட் போட்டோக்களைக் கேட்டார். வண்டி கூடாக இருந்ததிலிருந்து இன்று வரை வரிசையாக இருந்தால் மதிப்பு நிற்கும் என்றார். வரிசையாக வைப்பதற்கு இந்த வீட்டில் சொல்லித் தர வேண்டுமா என்று நினைத்து, அவள் முதலில் கையில் கிடைத்த போன வருஷத்துக் கோப்பை எடுத்து நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் சுருக்கென்றது. தேதி வரிசை. கார்புரேட்டர் பில்லுக்கும் பெயிண்ட் அடித்த போட்டோவுக்கும் நடுவில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

ஏஜெண்டின் விரல் பில்லைத் தாண்டியது, நின்றது. சீட்டை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரே தடவையில் இரண்டு தாளாகத் திருப்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சார், யோசிச்சுப் பார்த்தா அந்த முதல் பாலிசியும் மோசமில்ல. கேள்வி கம்மி. பேர், நம்பர், கையெழுத்து. நாளைக்கே வண்டி ரோட்டுக்கு வந்துடும்.”

“அதுல இரும்பு விலைதானே கிடைக்கும்?”

“இல்ல சார், எதுக்குச் சொல்றேன்னா…” என்று இழுத்தவர் ஹெட்கிளார்க்கைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கோப்பை மூடி, இரண்டு கையாலும் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். போட்டோ வேண்டுமென்று கேட்டது அவருக்கே மறந்துபோயிருந்தது.

“சேசிஸ் நம்பர் எழுதணும்,” என்று அவள் எழுந்தாள். “ஏங்க, வந்து படிச்சுச் சொல்லுங்க.”

சேசிஸ் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அது மனப்பாடம் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

ஷெட்டுக்குள் காருக்கும் லேத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு இடம். போன வருஷம் அவர் விழுந்து கிடந்தது அங்கேதான். அவள் உள்ளே வந்தபோது லேத் சுற்றிக்கொண்டிருந்தது, அவர் கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. நிறுத்த வேண்டிய பொத்தான் எது என்று தேடி நிறுத்தினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆபீஸ் பழக்கம், எது நடந்தாலும் மணி பார்ப்பது. டாக்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, முடிவு வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். லேத்துக்காரர் பரிசோதனைக்குப் போகவில்லை. வேலை செய்வது வீட்டுக்குப் பின்னால். ஓட்டுவதற்கு வண்டியும் அப்போது இல்லை. அதனால் பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார், அவள் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து லேத் ஓடும் நேரமெல்லாம் அவள் ஷெட் வாசலில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள். இங்கே காற்று நன்றாக வருகிறது என்று காரணம் சொல்லியிருந்தாள். அங்கே காற்றே வராது.

“பதினோராவது கேள்வி பாத்தீங்களா?”

“பாத்தேன்.” அவர் டார்ச்சை எஞ்சினுக்குள் அடித்தார். “இல்லைன்னு போடு.”

“இல்லையா?”

“உன் கையெழுத்துல ‘இல்லை’ அழகா இருக்கும்.”

“விளையாடாதீங்க.”

“ஒரே ஒரு தடவை. வெயிலு. மூணு நிமிஷம். அதுக்கப்புறம் வந்துச்சா?”

“நாலு நிமிஷம்.”

“சரி, நாலு. அந்த நாலு நிமிஷத்துக்காகப் பதினோரு வருஷத்தைக் கேட் வரைக்கும் ஓட்டச் சொல்றியா?”

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. பக்கத்து சீட்டில் உட்காரப்போகிறவள் யார் என்பதுதான் பதில். காரின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, சீட்டின்மேல் படிந்திருந்த தூசியைப் புறங்கையால் தட்டிவிட்டு, மூடினாள். கதவு சத்தமில்லாமல் பொருந்தியது. அந்தக் கீலையும் அவரேதான் கடைந்தார்.

“நம்பர் எழுதிக்கிட்டியா?” என்றார்.

“எழுதிக்கிட்டேன்,” என்றாள். கையில் பேனா இல்லை.

மேஜைக்குத் திரும்பி, அவள் எழுத ஆரம்பித்தாள். தம்பி ஏஜெண்டிடம் லாரிக்கு என்ன பாலிசி நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஏஜெண்ட் கேட்பதற்கெல்லாம் தலையாட்டினார், காது பேனாவின் சத்தத்தில் இருந்தது. அவள் எழுதி முடிக்க இருபது நிமிஷமாயிற்று. ஓட்டுநர் பெயர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

தயாரிப்பு ஆண்டு, நிறம், சேசிஸ் நம்பர், ஷெட்டின் பூட்டு எப்படிப்பட்டது, மாற்றிய பாகங்கள் எவை என்று பத்து வரை போனது. பத்தாவதில் தம்பி, “பிரேக் டிரம்மும் மாத்தினோமே அண்ணி,” என்றார். சேர்த்தாள்.

“பதினொன்று,” என்றாள். குரல் அதே குரல். “ஆம். சென்ற ஆண்டு மூன்றாம் மாதம் எட்டாம் தேதி, வீட்டின் பின்புற ஷெட்டில், சுமார் நான்கு நிமிடம். பரிசோதனை முடிவு வரும்வரை வாகனம் ஓட்ட வேண்டாம் என்பது மருத்துவரின் ஆலோசனை. பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை.”

தம்பி ஸ்டூலில் நிமிர்ந்தார். “யாருக்கு அண்ணி?”

அந்த ஷெட்டில் வேலை செய்வது ஒரே ஒருவர்தான். மகள் கைப்பிடியிலிருந்து இறங்கி நின்றாள். ஏஜெண்ட் தன் பையின் ஜிப்பை மூடி, திறந்து, மூடினார்.

லேத்துக்காரர் ஜன்னலுக்கு வெளியே ஷெட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நூலில் பாதிக் கனத்துக்குப் பிசகினாலும் கடைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைகிற மனிதர். ஹெட்கிளார்க் பேனாவை மூடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு,” என்றார் அவர்.

“எது?”

“தேதி. எட்டு இல்ல, ஏழு. எட்டாந்தேதி நீ என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போன நாள்.”

அவள் கோப்பைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். எட்டாம் தேதியிட்ட சீட்டில் ‘நேற்று நினைவிழந்தார்’ என்று இருந்தது. அவர் சொன்னதுதான் சரி. முப்பத்தோரு வருஷத்தில் தேதியில் அவள் செய்த பிழைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எட்டை அடித்து, ஏழு போட்டு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டாள்.

“இதை ஏம்பா என்கிட்ட சொல்லல?” என்றாள் மகள்.

“நீ கேக்கலையே.”

“படிவம் போட்டுக் கேட்டாத்தான் சொல்லுவீங்களா? நாள் பூரா ஊரான் ரத்தத்தை எல்லாம் நான்தான் பாக்கிறேன்.”

“அதான் சொல்லல. என் ரத்தத்தையும் எடுத்துடுவ.”

தம்பி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று அண்ணியைப் பார்த்தார். “சரி, அப்ப ஓட்டுறவர் பேருக்கு என் பேரைப் போடுங்க அண்ணி. லாரியே ஓட்டுறேன்.”

“அதனாலதான் வேண்டாம்ங்கிறேன்,” என்றார் லேத்துக்காரர். “நீ கியர் போட்டா கியர்பாக்ஸ் கையோட வந்துடும். அவ பேரைப் போடு.” தலையால் மகளைக் காட்டினார். “நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். கிளட்ச் கொஞ்சம் முரடு. மிதிக்கிற மாதிரி மிதிக்கணும், தடவிக்கிட்டிருக்கக் கூடாது.”

“மதிப்பு குறையாதில்ல?” என்று ஹெட்கிளார்க் ஏஜெண்டைக் கேட்டாள்.

“குறையாதும்மா. ஓட்டுறவங்களைப் பத்தின கேள்வி அது, வண்டியைப் பத்தினது இல்ல.” அவர் முகத்தில் இப்போதுதான் ரத்தம் திரும்பியிருந்தது. “சாருக்கு ரிசல்ட் நல்லா வந்தா, ஒரு லெட்டர் போட்டா பேரைச் சேர்த்துடலாம்.”

காலிக் கட்டத்தில் மகளின் பெயர் ஏறியது. ஹெட்கிளார்க் இன்னொரு தாளை எடுத்து இணைப்புக் கடிதம் எழுதினாள், அதையும் வாசித்தாள். “மேற்படி பரிசோதனையை ஒரு மாதத்துக்குள் செய்துகொண்டு முடிவைத் தங்களுக்கு அனுப்பிவைப்போம்.”

“ஒரு மாசம்னு போடாத, தப்பாப் போயிடும். விரைவில்னு போடு.”

“‘விரைவில்’னா எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை ஆபீஸ்ல நான்தான் டைப் அடிச்சேன்.”

“நாளைக்கு எங்க லேபுக்குப் பக்கத்துலயே எடுக்கலாம்,” என்றாள் மகள். “நான் லீவு போடறேன்.”

அவர் மகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார். “மூணு வாரம்,” என்றார். ஹெட்கிளார்க் ‘ஒரு மாதத்துக்குள்’ என்பதை அடித்துவிட்டு ‘மூன்று வாரத்துக்குள்’ என்று எழுதினாள்.

“நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்மா,” என்று ஏஜெண்ட் கை நீட்டினார்.

“வேண்டாம்.” கடுமையாகச் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாளைத் திருப்பிய கையில் இதை எப்படிக் கொடுப்பது என்று மட்டும் நினைத்தாள். 

படிவம், இணைப்புக் கடிதம், பன்னிரண்டு போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல். அடுக்கி, ஓரம் தட்டி, உறைக்குள் வைத்தாள். பசை போதவில்லை, விளிம்பில் இன்னொரு கோடு தடவி, மேஜையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். லேத்துக்காரர் எழுந்து வந்து, கனமான இரும்புக் கட்டை ஒன்றை உறையின்மேல் வைத்தார்.

“அஞ்சு நிமிஷம் இருக்கட்டும். அவசரப்பட்டா பிரிஞ்சுக்கும்.”

ஐந்து நிமிஷம் கழித்து அவள் கட்டையை நகர்த்தினாள். மூலை நன்றாகப் பிடித்திருந்தது. தபால் ஆபீஸ் கவுண்டர் மூடக் கால் மணி நேரம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, ரோட்டைக் கடந்து நடந்தாள். கவுண்டரில் இருந்தவர் உறையை எடை போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.