சாம்ஹோவில் ஒரு பெயர் போன நாள்

மார்ச் பதினான்காம் தேதி காலை பத்தே காலுக்கு, கொரியத் தென்கரைத் துறைமுகமான சாம்ஹோவில் 'குடை' என்ற சொல் எல்லோருக்கும் நான்கு விநாடி மறந்துபோயிற்று. மழை பெய்துகொண்டிருந்ததால் குடைக் கடைக்காரர் மட்டும் சற்றுச் சங்கடப்பட்டார். அடுத்து 'கத்தரிக்கோல்' போய்த் திரும்பியது, பிறகு 'முள்ளங்கி'. அந்நேரம் ஊர் மருத்துவமனை மாடியில், படகுத்துறை ஒலிபெருக்கியில் இருபத்தாறு வருடம் அறிவிப்புச் செய்த ஓக் கும்ஜா, மூளைக் கட்டியை எடுப்பதற்காக மண்டை திறந்த நிலையில் விழித்துப் படுத்திருந்தாள். மூளைக்கு வலி தெரியாது. டாக்டர் தாக் ஹியோன்ஜு அதன் மேற்பரப்பை மெல்லிய மின்முனையால் தொட, நர்ஸ் ஒவ்வொரு படமாகக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னாள். தொட்டதும் எந்த இடத்தில் சொல் வராமல் நின்றுபோகிறதோ அந்த இடத்தை வெட்டக் கூடாது. நோயாளியோடு ஊரும் சேர்ந்து மறந்ததற்கு யாரும் காரணம் தேடவில்லை. அத்தனை வருடம் கேட்ட குரல் அது.

பதினொரு மணிக்குக் கட்டியில் சோயா விதையளவுதான் மிச்சம். டாக்டர் அங்கே தொட்டபடி, "வெளியில காத்திருக்கிறது யாரும்மா?" என்று கேட்டார். கும்ஜாவுக்குப் பெயர் வாயில் வரவில்லை. நர்ஸ் ஒப்புதல் தாளைப் பார்த்தாள். கணவர் கையெழுத்திட்ட இடம் வெறுமையாக இருந்தது. முனையை எடுத்ததும் எழுத்து திரும்பியது.

"இந்த மிச்சத்தை விட்டுவச்சா அடுத்த வருஷத்துக்குள்ள மொத்தப் பேச்சும் போயிடும்," என்றார் டாக்டர். "ரொம்ப நேரம் திறந்து வைக்கவும் முடியாது."

"அது என் வீட்டுக்காரர் பேரு, டாக்டரம்மா. அவரைக் கேக்காம எடுக்காதீங்க."

நர்ஸ் ஓடினாள். மீன்பிடி ரப்பர் பூட்ஸோடு நடையில் உட்கார்ந்திருந்த கணவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முப்பத்தோரு வருஷத்துல அவ என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. எடுத்துடுங்க. பேச்சு போச்சுன்னா என்னை யாரு திட்டுறது?"

நர்ஸ் திரும்பி வந்து அதைச் சொன்னதும் கும்ஜா கண் கலங்கினாள். "வாயால சொன்னதில்லதான். படகு வரத் தாமதமான நாளெல்லாம் மனசுக்குள்ள அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அவருக்குத் தெரியாது."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிடுங்க."

சொன்னாள். ஆளில்லாத படகுத்துறை ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. மீன் ஏலம் நின்றது. நடையில் இருந்தவர் எழுந்து நின்று, "இருக்கேன்," என்றார். பதினொன்று நாற்பதுக்கு டாக்டர் வெட்டினார். எழுந்து நின்றவருக்குத் தாம் ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை.

ஜூனில் கும்ஜா மறுபடி வேலைக்குப் போனாள். ஒரு சொல்லும் தடைப்படவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் கணவரின் அடையாள அட்டையில் பெயர் வரி வெள்ளையாக இருக்கிறது. எழுதிப் பார்த்தார்கள், மை நிற்கவில்லை, பிறகு அதன்மேலேயே முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சாம்ஹோவுக்குப் பெயரில்லாமல் வரும் கடிதத்தைத் தபால்காரர் நேரே அவர் வீட்டில் கொடுக்கிறார். இதுவரை ஒன்றுகூடத் தவறான இடத்துக்குப் போனதில்லை.