அம்மா வந்த வீட்டில் மாத்திரை

அக்ஷயாவுக்கு உடம்பெல்லாம் முத்து போட்ட அன்றைக்கே பாலுசாமி வாசலில் வேப்பிலையைச் செருகினான். அடுத்த வேலையாக அலமாரியிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து மடியில் முடிந்துகொண்டான். அம்மை கண்டது மகளுக்கு, மாத்திரை மகன் மனோஜ்குமாருக்கு. இருந்தாலென்ன? அம்மா இறங்கியிருக்கும் வீட்டில் தாளிக்கவே கூடாது, இங்கிலீசு மருந்து எப்படி ஆகும்? காரமடைப் பக்கத்துத் தோட்டங்களில் இதற்கு மறுபேச்சே கிடையாது.

அவன் மனைவி பூவாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனோஜுக்கு ஒன்பது வயது. தொடையில் கை ஊன்றி எழுந்து, நாலடி நடப்பதற்குள் விழுந்துகொண்டிருந்த பையன். தசை கரைகிற வியாதி என்று கோயமுத்தூர் டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்து ஒரு வருசமாகிறது. இப்போது கம்பியைப் பிடித்து பஸ் ஏறுகிறான். ஆனால் முகம் பூசணியாக உப்பிவிட்டது, உயரம் ஏறவில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். சோற்றுச் சட்டியையே சுற்றி வருகிறான். "பையன் நல்லாத் தேறிட்டானாட்ட இருக்குதுங்களே" என்று யாராவது சிரித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், பக்கத்தில் யாருக்காவது அம்மை என்றால் அன்றைக்கே கூட்டிவர வேண்டும். "எதை மறந்தாலும் இதை மறந்துறாதீங்கம்மா. திடீர்னு நிறுத்தவே கூடாது. மாத்திரை செய்யற வேலையை உடம்பு தானாச் செய்யறதை விட்டிருக்கும். நிறுத்துனா உயிருக்கே ஆபத்து."

அதை அப்படியே புருசனிடம் ஒப்பித்தாள்.

"அம்மா ஊட்டுல இருக்கறப்ப மீறி மருந்து குடுத்தா ரெண்டு கொழந்தைகளையும் காவு கேட்டுப்போடுவா, பூவா. அம்மா எறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்துனதும் குடுத்துக்கலாம்" என்றான் பாலுசாமி.

ரெண்டு குழந்தைகளையும் என்றதும் மாத்திரைக்கு நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். அவள் மட்டும் சாமிக்குப் பயப்படாதவளா? மகளுக்கு வேப்பிலையால் விசிறுவாள், ஓடிவந்து மகன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மனோஜ் எழுந்திருக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்றான். கொடுத்த இளநீரை அப்படியே வாந்தி எடுத்தான். கை கால் சில்லிட்டுவிட்டது.

"கண்ணு, என்னையப் பாரு சாமி."

அவன் இமையைக்கூடத் தூக்கவில்லை. பூவாத்தாள் சாமி படத்தின் முன்னால் நின்று, "கோவம்னா எம்மேல காட்டு தாயே" என்றாள். பையனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பாலுசாமி வாசலை மறித்தான். "அம்மா கண்ட ஊட்டுல இருந்து படி தாண்டக் கூடாது பூவா."

"மாத்திரையக் குடுங்க. இல்லீனா வழிய உடுங்க."

இப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. மடியை அவிழ்த்துக் கொடுத்தான். அந்த மாத்திரையும் வாந்தியில் வெளியே வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு அவனே பக்கத்துத் தோட்டத்துப் பங்காருவின் காருக்கு ஓடினான். பங்காருவின் மனைவிக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் அவள் அக்ஷயாவுக்குத் துணையிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்து, ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் பையனின் கையில் சூடு வந்தது. "இன்னைக்குத் தப்பிச்சுட்டான். இனி இவனுக்கும் அம்மை வரலாம், வந்தா கடுமையா இருக்கும். இங்கேயே வெச்சுப் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

பூவாத்தாள் வெளியே வந்தாள். மூன்று நாள் கோபமும் நுனி நாக்கில் நின்றது. பாலுசாமி சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பயந்துட்டு நிறுத்தலை பூவா. அம்மாவே ஊடு தேடி வந்திருக்கறா. மாத்திரைய எடுத்து வெச்சு அவளை நம்புனா, பையனை நடக்க உட்டுருவான்னு நெனச்சுப்போட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தாள். ஒரு வருசமாக அவள் விழுங்கி வைத்திருந்தது வந்துவிட்டது.

"மாத்திரையும் கொணமாக்காதுங்க. கால் உழுந்து போறதை ரெண்டு மூணு வருசம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். டாக்டர் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாருங்க. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க."

அறைக்குள்ளிருந்து மனோஜ் அப்பாவைக் கூப்பிட்டான். பாலுசாமி நின்ற இடத்திலேயே நின்றான்.

"கூப்படறானுங்க. கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போங்க" என்றாள் பூவாத்தாள்.