உருண்டைக்குள் கிடந்த கண்ணாடிக் கூடு

அளவுக்காரியின் கொழுந்தன் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். விளக்கு அளக்கும் கூடத்துக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. அண்ணி தன் விளக்கை நேராகத்தான் தொங்கவிட்டாளா என்று அந்தப் பெரிய இரும்பு உருண்டைக்குள் எட்டிக் குனிந்து பார்த்த பிறகே மூடவிட்டார்.

உருண்டைக்கு உள்ளே முழுக்க வெள்ளைப் பூச்சு. வெளிச்சம் எந்தப் பக்கம் ஓடினாலும் சுவரில் பட்டுத் திரும்பி, பட்டுத் திரும்பி, ஒன்றாய்க் கலந்துவிடும். சுவரிலுள்ள சின்னக் கண் அதைப் பார்த்து மொத்தக் கணக்கைச் சொல்லும். விளக்கு நிதானத்துக்கு வர அரைமணி. அந்த அரைமணி அளவுக்காரிக்குச் சொந்தம். யாரும் பார்க்காத பாலாய் உள்ளே வெளிச்சம் நிரம்புவதை நினைத்து, கன்னத்தில் கைவைத்து மிதந்துகொண்டிருப்பாள்.

எண் நின்றது. 778 லூமன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டது எண்ணூறு. குறைந்தால் கொழுந்தன் சொந்தமாய்ச் செய்த முதல் விளக்கு வாசலோடு திரும்பும்; பழையபடி அடுத்தவர் பட்டறையில் திருகாணி முடுக்க வேண்டியதுதான்.

"இருபத்திரண்டுதானே அண்ணி, கொசுறாப் போட்டுக்குடுங்க."

"வெளிச்சத்துல ஏது தம்பி கொசுறு?"

"நம்ம வீட்டு மனுஷிதானே நீங்க!"

"வீட்லதான் அண்ணி. இங்க தராசு முள்ளு."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையைத் தடவினார். மறுபடி தடவினார். "கூட்டைக் காணோமே..."

அளவுக்காரி மிதப்பிலிருந்து இறங்கினாள். "என்ன நிறம்?"

"கறுப்பு. ஏன்?"

உருண்டையைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். மூலை இல்லை. நீட்டிய கைக்கு நிழல் இல்லை. சுவர் விரலுக்கெட்டுமா, காத தூரமா, தெரியவில்லை. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது. அந்த வெண்மையின் அடியில், உலகத்தில் மிஞ்சிய ஒரே பொருள்போல அந்தக் கூடு கிடந்தது, தன் பக்கம் வந்த வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு.

"குனிஞ்சப்ப விழுந்திருக்கு. உங்க வெளிச்சத்தைத் தின்னது உங்க கூடுதான் தம்பி."

எடுத்தாள், மூடினாள். காத்திருந்தார்கள். 803.

கொழுந்தன் துள்ளினார். துள்ளி இறங்குவதற்குள் அவருக்குள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். "ரவுண்டா எண்ணூத்தம்பதுன்னு..."

"ஏன், உள்ள வேற எதையாவது போட்டு வச்சிருக்கீங்களா?"

803 என்றே எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் தாளை வாங்கி மடித்துக்கொண்டு, போகாமல் நின்றார்.

"அண்ணி, நானும் ஒருதரம் தலையை விட்டுப் பாக்கட்டுமா?"

"பையைக் காலி பண்ணிட்டுப் பாருங்க."

தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவேயில்லை. எதையும் தட்டிப் பார்க்கவுமில்லை.