இரவலாக வந்த தாத்தா

எங்கள் கொள்ளுத்தாத்தாவை எங்களுக்கே இரவல் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது அத்தை முதலில் சிரித்தாள். அப்பாவின் அக்கா அவள். துறைமுகத்து எடைமேடையில் லாரிக்காரர்களோடு கத்திக் கத்தியே ஓய்வு பெற்றவள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும்.

"இரவலா? யாரு வீட்டு ஆளை யாரு யாருக்குடி இரவல் குடுக்கறது?"

கொள்ளுத்தாத்தா அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பஞ்சம் வந்து ஊரே வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கிடந்த காலத்தில், வெள்ளைக்காரர்களின் கப்பலில் மட்டும் தானியம் ஏறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவர் முதுகிலிருந்த மூட்டையைக் கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, "ஏத்த மாட்டோம்" என்றார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவரைக் கிடங்கு வாசலில் தூக்கில் போட்டார்கள். அத்தோடு விட்டிருந்தால் சாதாரண அயோக்கியர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் படித்த அயோக்கியர்கள். உடலை மட்டும் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, தலையை வெட்டி, சதையை நீக்கிச் சுத்தம் செய்து, அடங்காத்தனம் மண்டையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அளந்து பார்க்கத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு கூடமே இருந்ததாம். பாலைவனத்தில் வரி கட்ட மறுத்தவர், தீவில் கரும்பு வெட்ட மறுத்தவர், காட்டில் ரப்பர் பால் எடுக்க மறுத்தவர், எல்லாருடைய தலையும் வரிசையாக அலமாரியில் இருந்தது. உலகம் முழுக்க மாட்டேன் என்று சொன்னவர்களை ஒரே அறையில் கூட்டி வைத்த பெருமை அந்த மகாத்மாக்களுக்கே சேரும். அளந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அத்தைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பிடிவாதம்தான். அந்தத் தலையை உடலோடு சேர்த்து அடக்கம் செய்துவிட வேண்டும். கல்யாணம், பிள்ளைகள், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் நடுவில் வருடக்கணக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். கடைசியில் அவர்கள் மனமிரங்கி அனுப்பியது இந்த இரவல்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். வெள்ளைக்காரன் மொழி தெரியும் என்பதால் அத்தை எனக்கு வைத்திருந்த பெயர் துபாஷி. விழாவுக்கும் என்னையே மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். குடும்பத்து ஆளே மொழிபெயர்த்தால் டிவியில் உருக்கமாக இருக்கும் என்று அருங்காட்சியக இயக்குநருக்கு யோசனை.

விழாவுக்கு முன்னால் இயக்குநர் எங்களைத் தன் அறையில் உட்கார வைத்தார். புதிய கட்டடம், புதிய மேசை, கண்ணைக் கூசவைக்கும் தரை. எல்லாம் அந்த வெளிநாட்டு அருங்காட்சியகம் கொடுத்த நன்கொடை. அதனால் அவர் குரலிலும் ஒரு நன்றியுணர்ச்சி வழிந்துகொண்டே இருந்தது.

"மேடையில அடக்கம், கிடக்கம்னெல்லாம் பேசிடாதீங்கம்மா. இது இரவல் பொருள். கண்ணாடிப் பெட்டியில இருக்கும். கண்காட்சி முடிஞ்சதும் திரும்பப் போயிடும்."

"பொருளா?"

"அவங்க மாதிரின்னு போட்டிருக்காங்க. ஆராய்ச்சி மாதிரி."

"யாரு மாதிரி? உங்க மாதிரியா, என் மாதிரியா?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மொழிபெயர்க்க இதில் என்ன இருக்கிறது?

பெட்டியோடு வந்திருந்த வெளிநாட்டு அறிஞர் அப்போதுதான் உள்ளே நுழைந்தார். நெடுநெடுவென்று இருந்தார், முகம் முழுக்கப் பணிவு. தமிழ் படித்தவர். அதில் அவருக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி மாளாது. தன் மொழியில் பேசச் சொன்னால்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுத் தமிழிலேயே பேசினார். ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் யாரோ, மரியாதைக் குறைவாகப் பேசினால் தமிழர்கள் மனம் நொந்துவிடுவார்கள் என்று நன்றாகப் பயமுறுத்தி அனுப்பியிருக்க வேண்டும். மனிதன், மிருகம், மேசை என்று பார்க்காமல் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் 'அவர்' போட்டார்.

"காபி ரொம்ப சூடா இருக்காருங்க," என்றார். "லிஃப்ட் இன்னும் கீழ வரலீங்களே, பழுதாயிட்டாருங்களா?" என்று விசாரித்தார்.

அவருடைய முன்னோர்கள் எங்களை 'டேய்' என்று கூப்பிட்ட பாவத்தை இவர் காபிக்கும் லிஃப்டுக்கும் மரியாதை கொடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை அங்கேயே அவருக்கு 'மரியாதை' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"மரியாதை நல்ல பிள்ளையாத்தாண்டி இருக்கு," என்று என் காதில் சொன்னாள். "ஆனா தலையைத் தரமாட்டேங்குதே."

கூடம் நிறைந்திருந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் சட்டையில் எண்ணெய்க் கறையோடு பின்னால் நின்றார்கள். முன்வரிசையில் அமைச்சர், அவர் பக்கத்தில் கேமராக்கள். மேடை நடுவில் ஒரு மேசைமேல் வெளிர்மரப் பெட்டி. கண்ணாடிப் பேழை அதற்குப் பின்னால் வாயைத் திறந்து காத்திருந்தது. அத்தை அந்தப் பெட்டியை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை. மேடை ஓரத்தில் நின்றிருந்த நான் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

மரியாதை பேச எழுந்தார். என்னைக் கையமர்த்திவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. பெட்டி அவர்கள் ரொம்ப தூரம் பயணம் பண்ணி வந்திருக்காருங்க. உள்ள இருக்கிற பெரியவரும் பல வருஷம் கழிச்சு இன்னைக்கு அவரோட சொந்த வீட்டுக்கு வந்துட்டாருங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தமிழில் பேசிவிட்டாரே, போதாதா? அமைச்சர் எழுந்து நின்று தட்டினார். எங்கள் கையை வெட்டி எடுத்துப்போனவன் அந்தக் கையாலேயே வணக்கம் வைத்தால்கூட நாங்கள் கைதட்டுகிற ஆட்கள்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் அத்தை எழுந்தாள். எடைமேடைக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"தம்பி, யாரு வந்துட்டாருன்னு சொன்னீங்க?"

மரியாதைக்கு உச்சி குளிர்ந்தது. தன் தமிழைக் கேட்டு ஒரு தமிழம்மா தமிழில் கேள்வி கேட்கிறாள். "இவருங்க," என்று இரண்டு கையாலும் பெட்டியைக் காட்டினார்.

"இவருன்னா மனுஷர்தானே?"

"ஆமாங்க. மனுஷருங்க."

"சொந்த வீட்டுக்கு வந்துட்டாரு."

"வந்துட்டாருங்க."

"அப்ப யாரு யாருக்கு இரவல் குடுக்கறீங்க? வீட்டுக்கு வந்த மனுஷரை நாங்க ஏன் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்? எங்க தாத்தாவை நாங்க கூட்டிட்டுப் போறோம், தம்பி."

பின்னால் நின்ற தொழிலாளர்கள் மேடையைப் பார்த்து இரண்டடி நகர்ந்தார்கள். மரியாதையின் முகத்தில் அப்போதுதான் விஷயம் ஏறியது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதர் சட்டென்று தன் தாய்மொழிக்குத் தாவி, என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். கிசுகிசுத்தது பற்றி எனக்கென்ன? நீதிமன்றத்தில் எங்களுக்கு ஒரே வழக்கம்தான். காதில் விழுந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், சபைக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். மைக்கில் சொன்னேன்.

"ஐயா சொல்றது இது. 'அவர்'னு சொன்னது வெறும் மரியாதைக்குத்தானாம். நாற்காலியையும் காபியையும்கூட அப்படித்தான் சொல்வாராம். அதனால பெட்டியில இருக்கறது மனுஷர்னு ஆயிடாதாம். அது அவங்க அருங்காட்சியகத்தோட சொத்தாம்."

எனக்கு அந்த ஆள் மேல் அப்படி ஒரு அருவருப்பு. சவுக்கோடு வந்திருந்தால்கூட இவ்வளவு அருவருத்திருக்க மாட்டேன்.

அத்தை கோபப்படவில்லை. மேடையேறி அவர் முன்னால் போய் நின்றாள்.

"துபாஷி சொன்னா எனக்கு நம்பிக்கையில்லை தம்பி. நீங்கதான் இவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்களே, நீங்களே சொல்லிடுங்க. 'அது மனுஷன் இல்ல, அது எங்க பொருள்.' இவ்வளவுதான். சொல்லிட்டீங்கன்னா நான் போய் உக்காந்துடறேன்."

கேமராக்கள் எல்லாம் அவர் வாய்க்கு நேரே திரும்பின. வாய் திறந்தது. "அ..." என்றார். மேலே வரவில்லை. சொந்தத் தாத்தாவைப் பேத்தியின் முகத்துக்கு நேரே 'அது' என்று சொன்னால் அது என்ன பேச்சு என்பதைப் பாவம், அந்த ஆசிரியர் ரொம்ப நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார். தன் மொழியில் காதோடு காதாகச் சொல்ல முடிந்ததைத் தமிழில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வெட்கம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் செய்தியில் தன் முகம் எப்படி வரும் என்ற கவலைதான் அது.

அமைச்சருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தெரியும். என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "பெரியவரை அவர் குடும்பத்திடம் ஒப்படைப்பதில் இந்த அரசு பெருமை கொள்கிறது," என்றார். காலையில் இதே வாயால் 'இரவலே பெரிய சாதனை' என்று பேட்டி கொடுத்தவர். இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு அந்தப் புதுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், குழந்தையைத் தூக்குவதுபோல.

இடுகாட்டில், கொள்ளுத்தாத்தாவின் உடல் கிடந்த இடத்தின் தலைமாட்டில் குழி தயாராக இருந்தது. எந்த நம்பிக்கையில் அத்தை காலையிலேயே தோண்டச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தொழிலாளர்கள் சுற்றி நின்றார்கள். மரியாதையும் வந்திருந்தார். வராமலிருந்தால் அதையும் செய்தியில் போடுவார்களே.

"மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கறேன்," என்று அத்தை மூடியைத் திறந்தாள். பஞ்சை விலக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் விரல் மேல்வரிசைப் பல்லை மெதுவாகத் தடவி, அதற்குக் கீழே போய், வெறும் பஞ்சில் நின்றது.

"வாய் எங்க?"

மரியாதையின் பக்கம் திரும்பினாள்.

"வாய் எங்க தம்பி?"

மரியாதை தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த முறை தமிழ்தான், மணிமணியான தமிழ். "கீழ்த்தாடை வேற பிரிவுல இருக்காருங்க. பல் ஆராய்ச்சிப் பிரிவு. அந்தப் பிரிவுக்குத் தனியா விண்ணப்பம் பண்ணணுமுங்க."

அத்தை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. கணவன் போனபோதுகூட அழாதவள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். 'ஏத்த மாட்டோம்' என்று சொன்ன வாயைத் தனியாகக் கழற்றி, தனி அலமாரியில் வைத்து, இத்தனை காலம் பூட்டிக் காவல் காத்திருக்கிறார்கள். திருட்டில்கூட எவ்வளவு ஒழுங்கு.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தன் கையாலேயே குழிக்குள் இறக்கினாள். வெட்டியான் மண்வெட்டியோடு நெருங்கினார்.

"மூடட்டுங்களாம்மா?"

"மூடாதீங்க," என்றாள் அத்தை. "மேல ஒரு தகரத்தைப் போட்டு, நாலு கல்லை வைங்க. இன்னும் ஆள் முழுசா வந்து சேரல."