தொழுவத்துக்கு வெளியே

வாத்து என்றால்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நடக்கப் பழகிய வயதில், பூங்காக் குளத்து வாத்துகளின் பின்னாலேயே போய்ச் சேற்றில் விழுந்தவளுக்கு அண்ணன் வைத்த பெயர் அது. அவர்கள் குடியிருந்தது மாடி வாடகை வீடு. நாய், பூனை என்று ஏதாவது வளர்த்தால் அன்றைக்கே காலி பண்ண வேண்டும் என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் விலங்குகள் எல்லாம் அவளுக்குத் தூரத்துச் சொந்தம். பால்கனியில் நின்றபடி தெருநாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவையும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் வாங்கிய மார்க்குக்கு எந்தக் கல்லூரியிலும் சிவப்புக் கம்பளம் விரித்திருப்பார்கள். அவளோ ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய தூரத்தில் இருந்த கால்நடைப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, மாட்டுக்கு ஊசி போடவா விழுந்து விழுந்து படித்தாய் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரே போய் டிக்கெட் எடுத்து வந்தார்.

முதல் வகுப்பில் பேராசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி, ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டார். ஒருத்தனுக்கு அப்பாவின் கால்நடை மருத்துவமனை காத்திருந்தது. இன்னொருத்தனுக்கு வீடு பக்கம், மத்தியானம் போய்ச் சாப்பிட்டு வரலாம். ஒரு பெண் இணையத்தில் பார்த்த வளாகத்து மரங்களை நம்பி வந்திருந்தாள். வாத்துக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து, “மனுஷ டாக்டருக்கு மார்க் பத்தலை சார்” என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் டாக்டரம்மா. வாத்து தன் முறை வந்தபோது, மாடு பிடிக்கும் என்றாள். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

டாக்டரம்மாவும் வாத்தும் விடுதியில் ஒரே அறை. டாக்டரம்மாவுக்கு மாடு தலையை ஆட்டினாலே உயிர் போய் உயிர் வரும். வாத்துதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய், பின்பக்கமாகப் போகாதே, முதலில் குரல் கொடு, அப்புறம் தோளைத் தொடு என்று பழக்கினாள். பழக்கும்போதே அடுக்கடுக்காகத் தும்முவாள். முதல் வருஷம் அதை ஆய்வுக்கூட மருந்து நெடி என்றார்கள். அடுத்த வருஷம் தொழுவத்து வேலை தொடங்கியதும் கண் சிவந்து மூக்கு ஒழுகியது. ஊர்த் தண்ணீர் சேரவில்லை என்று சொல்லிக்கொண்டாள். படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் தொழுவத்துப் பக்கம் விடமாட்டார்களே என்ற பயம்.

மூன்றாம் வருஷம் ஒரு சாயங்காலம் பண்ணையில் ஒரு தலையீற்றுப் பசு கன்று போட முடியாமல் தவித்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடந்தது. பண்ணை மருத்துவரின் கை தடிமன், உள்ளே திரும்பவில்லை. சின்னக் கையாக யாருடையது இருக்கிறது என்று பார்த்தவர் வாத்தைக் கூப்பிட்டார். எத்தனையோ நாளாக இதற்குத்தானே காத்திருந்தாள்! தோள்வரை உறையை மாட்டிக்கொண்டு, பசுவின் விலாவில் கன்னத்தை அழுத்தி, கையை உள்ளே விட்டாள். கன்றை மெல்லப் பின்னுக்குத் தள்ளித் துழாவியதில் குளம்பு உள்ளங்கைக்குள் வந்தது. கிடைத்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை.

அதன் பிறகு அவளுக்கு நினைவில் இருப்பது தொழுவத்தின் கூரையும், பண்ணை மருத்துவர் பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவைப் பார்த்துக் கையை உள்ளே விடச் சொன்ன குரலும்தான். கன்று பிழைத்தது. அதை வெளியே இழுத்துப் போட்டவள் டாக்டரம்மா. வாத்து அப்போது ஆம்புலன்ஸில் இருந்தாள்.

மருத்துவமனையில் அவள் கையில் வரிசையாகக் கீறிச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, எந்த விலங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்தார்கள். மாடு, குதிரை, ஆடு, நாய், பூனை, எல்லாம் கொசுக்கடி மாதிரி வீங்கின. ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். மீன் பரவாயில்லை என்றார் டாக்டர். இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

“மருந்து போட்டுக்கிட்டே சமாளிக்க முடியாதா டாக்டர்?”

“இத்தனை நாள் சமாளிச்சதாலதான்மா இவ்வளவு மோசமாயிருக்கு” என்றார் அவர்.

அப்பா ஓடி வந்தார். நின்றுபோன எந்த லிஃப்டையும் ஓட வைத்துவிடுபவர், துறைத் தலைவரின் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“படிப்பெல்லாம் படிச்சுடுவா சார். மாட்டை மட்டும் தொடாம ஏதாவது வழி பண்ண முடியுமா?”

துறைத் தலைவர் நல்ல மனிதர். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். “மாட்டைத் தொடாம மாட்டு டாக்டராக முடியாதுங்களே” என்று தணிந்த குரலில் சொன்னார். அதே வளாகத்தில் பால் பதப்படுத்தும் படிப்பு இருக்கிறது, அதில் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன் என்றார். வாத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டையாவது போட்டிருக்கலாம்.

பால் படிப்பு சாலைக்கு அந்தப் பக்கம். வெள்ளைத் தொப்பி, பளபளக்கும் எஃகுக் குழாய்கள், கழுவிக் கழுவி வாசனையே இல்லாத தரை. பால் குழாய் வழியாக வந்து குழாய் வழியாகப் போகும். மாடு என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

விடுதி அறை மட்டும் மாறவில்லை. டாக்டரம்மா தொழுவத்திலிருந்து வந்ததும் குளித்து, துணியை வெளியிலேயே ஊற வைத்துவிட்டுத்தான் அறைக்குள் வருவாள். அப்படியும் அவள் பையில், புத்தகத்தில், சீப்பில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. வாத்தின் நெஞ்சு மறுபடி விசில் அடித்தது. ஒரு நாள் டாக்டரம்மா வாசற்படியிலேயே நின்றாள்.

“வேற ரூம் கேட்டிருக்கேன்டி. நான் இங்க இருக்கறதே உனக்கு ஆபத்து.”

வாத்து தலையாட்டினாள்.

“இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதே. எனக்கு இந்தப் படிப்பு பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. உன்கிட்ட சொல்லவே வாய் வரலை.”

கோபம் வருகிறதா என்று வாத்து தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டாள். துள்ளுகிறது, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது என்றாள் டாக்டரம்மா. பிறகு பெட்டியை இறக்கத் தொடங்கினாள். கனமான பெட்டி. ஒரு கை கொடுக்கக்கூட வாத்தால் முடியவில்லை. மூக்கில் துணியை வைத்துக்கொண்டு நடைக்கோடியில் நின்றபடி, அவள் படிக்குப் படி பெட்டியை வைத்து வைத்து எடுத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அறையைத் துடைத்தாள். மறுநாள் பால் கொழுப்பு பற்றித் தேர்வு இருந்தது. உட்கார்ந்து படித்தாள். நல்ல மார்க்தான் வந்தது.